ஜென்ட்ரிஃபிகேஷன்: வாடகை ஏறும் தெருவில் யார் மிஞ்சுகிறார்கள்?

பாலக்காட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு வெள்ளையடித்து, திண்ணையில் இரண்டு மர நாற்காலி போட்டு, வாசலில் கஃபே என்று பலகை மாட்டினால் போதும். ‘ஜென்ட்ரிஃபிகேஷன் வந்தாச்சு’ என்று முகநூலில் யாராவது எழுதிவிடுவார்கள். வாளையாறு பக்கம் சென்ட் விலை ஏறினால் அதே பேச்சு. கோவையில் மேம்பாலத்துக்காகக் கடை முகப்பை இடித்தாலும் அதே பேச்சுதான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டால், உண்மையில் யாருக்கு என்ன நடக்கிறது என்பது கண்ணில் படாமலே போய்விடும். அதனால் அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

தேர்க்கடை உதாரணம்

நவம்பரில் பாலக்காட்டின் கல்பாத்தி அக்ரஹாரத்தில் தேர் நடக்கும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுவதும் அந்தத் தெருமுனையில் பூ விற்பவர் ஒருவர் இருக்கிறார். தேருக்குக் கூட்டம் வந்ததும் அதே இடத்துக்கு வளையல் கடைக்காரரும் பொம்மைக் கடைக்காரரும் பல மடங்கு காசு கொடுக்கத் தயாராகிவிடுகிறார்கள். பூக்காரர் நாலைந்து நாள் ஒதுங்கிக்கொள்வார். தேர் முடிந்து கூட்டம் கலைந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்.

கூட்டம் கலையாமல் வருஷத்தின் 365 நாளும் நின்றால்? அந்த இடத்தின் வாடகை நிரந்தரமாக வளையல் கடைக்காரரின் வாடகை ஆகிவிடும். பூக்காரர் ஒதுங்கிய இடத்திலேயே இருந்துவிட வேண்டியதுதான். அவரை யாரும் அடித்து விரட்டவில்லை. அந்த மண்ணுக்கு அவரால் கொடுக்க முடிந்ததைவிட இன்னொருவரால் அதிகம் கொடுக்க முடிந்தது, அவ்வளவுதான் விஷயம்.

இப்போது இலக்கணம். வருமானம் குறைந்தவர்கள் வாழும் பழைய நகரப் பகுதிக்குள் அவர்களைவிட வசதியானவர்களும் அவர்களுடைய பணமும் நுழைந்து, வீடு, கடை, வாடகை எல்லாம் புதியவர்களின் அளவுக்கு மாறி, முன்பே இருந்தவர்கள் அங்கே தொடர்ந்து வாழ முடியாமல் போவதற்கு ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர். லண்டனின் இஸ்லிங்டன் போன்ற பகுதிகளில் தொழிலாளர் வீடுகளை நடுத்தர வர்க்கத்தார் வாங்கிப் புதுப்பித்ததைப் பார்த்து, ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் 1964-ல் இப்படிப் பெயரிட்டார்.

இதில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன: முன்பே அங்கு வாழும் எளியவர்கள், வெளியிலிருந்து வரும் பணம், எளியவர்கள் வெளியேறுவது. மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு.

எதெல்லாம் இது அல்ல

ஆந்திர எல்லையில் தடா, சத்தியவேடு பக்கம் தமிழ் பேசும் ஊர்கள் நிறைய. 2008-ல் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் தொடங்கியபின் அங்கே நில விலையும் வாடகையும் ஏறின. ஆனால் அறைகளுக்குப் போட்டி போட்டவர்களில் பெரும்பாலோர் ஷிஃப்ட் வேலைக்கு வந்த தொழிலாளர்கள். வயலும் புறம்போக்குமாக இருந்த இடத்தில் புதிதாக வீடுகள் முளைத்தன. அது தொழில்மயமாதல். வாடகை ஏறியது என்ற ஒரு காரணத்துக்காக அதை ஜென்ட்ரிஃபிகேஷன் என்று சொல்ல முடியாது.

சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்து, மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது அரசு நேரடியாகச் செய்த அப்புறப்படுத்தல். காலியான இடத்துக்குப் பின்னால் வசதியானவர்கள் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடும். ஆனாலும் முதலாவதில் ஆளை வெளியே அனுப்புவது அரசாணை, இரண்டாவதில் வாடகை. எதிர்த்து நிற்க வேண்டிய இடமும் அதற்கேற்ப மாறும்.

பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோடு என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் இணையத்தில் பரவிய ‘அழகிய கிராமங்கள்’ பட்டியலில் அந்தப் பெயர் வந்ததும் வயல் வரப்பெல்லாம் கார்கள். வந்து படம் எடுத்துவிட்டுச் சாயங்காலமே திரும்பிப் போகிறவர்கள் ஊரை மாற்றுவதில்லை. தங்கிப் பணம் போடுகிறவர்கள்தான் மாற்றுவார்கள். பார்க்க வந்த கூட்டத்தைப் பார்த்து, இடம் வாங்க ஒரு கூட்டம் வருகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, சிலருக்குப் பிடிக்காத ஒன்று. ‘எங்கள் அக்ரஹாரமே போச்சு’ என்ற புலம்பல் ஜென்ட்ரிஃபிகேஷன் பற்றியதல்ல. கல்பாத்தி அக்ரஹாரம் ஒருகாலத்தில் எளியவர்களின் குடியிருப்பாக இருந்ததில்லை. 1920-களில் கேரளத்தின் ஈழவ சமூகத்தார் அந்தத் தெருவில் நடந்து போனதே பெரும் மோதலானது. மும்பையில் இருந்துகொண்டு பூர்வீக வீட்டை நல்ல விலைக்கு விற்பவருக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் அவரை யாரும் இடம்பெயர்க்கவில்லை. அந்த வீட்டின் பின்கட்டில் பத்து வருஷமாக வாடகைக்கு இருந்து, அப்பளம் இட்டு விற்ற குடும்பம் ஒன்று இருந்தால், கதை அவர்களுடையது.

எந்திரம் எப்படி ஓடுகிறது: வாடகை இடைவெளி

நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் 1979-ல் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார். ஓர் இடம் இப்போது ஈட்டித்தரும் வாடகை ஒன்று. அதே இடத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினால் கிடைக்கக்கூடிய வாடகை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது வாடகை இடைவெளி. பழுது பார்க்கும் செலவையும் தாண்டி இந்த இடைவெளி பெரிதானால் பணம் உள்ளே வரும்.

எண்களில் பார்க்கலாம். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை.

ஐந்து சென்டில் ஒரு பழைய ஓட்டு வீடு. மாத வாடகை 7,000 ரூபாய், வருஷத்துக்கு 84,000. வீட்டு வரி, ஓடு மாற்றுவது, வெள்ளையடிப்பது என்று 14,000 போனால் சொந்தக்காரர் கையில் நிற்பது 70,000.

அதே வீட்டில் மூன்று அறைகளை இரவுக்கு 1,800 ரூபாய்க்கு விடுகிறார் என்று வையுங்கள். ஒவ்வோர் அறையும் மாதம் 12 இரவு நிறைந்தால் 36 இரவு, 64,800 ரூபாய். துணி வெளுப்பு, ஆள் கூலி, மின்சாரம், முன்பதிவுத் தளத்தின் கமிஷன் எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றாலும் 32,400 மிஞ்சும். வருஷத்துக்கு 3,88,800. புதுப்பிக்க 18 லட்சம் கடன், பத்து சதவீத வட்டி என்றால் 1,80,000 அதற்குப் போகும். மீதி 2,08,800.

70,000 எங்கே, 2,08,800 எங்கே? இதே தொகை குடித்தனக்காரரிடமிருந்து கிடைக்க வேண்டுமானால் பராமரிப்புச் செலவையும் சேர்த்து மாத வாடகை ஏறக்குறைய 18,500 ஆக வேண்டும். 7,000 கொடுத்தவர் 18,500 கொடுப்பாரா? சொந்தக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கணக்கு ஒன்றே போதும். ‘மகனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், நீங்க வேற வீடு பாத்துக்கணும்’ என்று பணிவாகச் சொல்லிவிடுவார்.

கணக்கு மறுபக்கமும் விழும். ஓர் அறை மாதம் 5 இரவுதான் நிறைகிறது என்றால் மூன்று அறைக்கும் 27,000, செலவு போக 13,500, வருஷத்துக்கு 1,62,000. வட்டிக்கே காணாது. பலகை மாட்டிய பல ஓட்டு வீடுகள் இரண்டு மழைக்காலம் தாண்டாமல் மூடிக்கிடப்பது இதனால்தான். ஒரு கஃபே திறந்ததை வைத்துத் தெரு மாறிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. திறந்தது நிலைக்கிறதா, அடுத்த வீட்டுக்காரரும் அதே கணக்கைப் போடுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

இடைவெளி எங்கிருந்து வந்தது?

இந்தப் பகுதியைத்தான் பேசுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிறார்கள். எளியவர்களுக்கு நகரத்தின் நடுவில் மலிவாக வீடு கிடைத்ததே அந்த வீடுகளை யாரும் கவனிக்காததால்தான்.

அக்ரஹார வீடுகள் முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகிறவை. பக்கத்து வீட்டோடு சுவர் பொது. ஒரு வீட்டின் உத்தரத்தில் கரையான் ஏறினால் அடுத்த வீட்டையும் விடாது. சொந்தக்காரர் சென்னையில், மும்பையில். பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினை முடியவில்லை. ஏழு பேர் கையெழுத்து வேண்டும், அதில் இருவர் வெளிநாட்டில். யாரும் பணம் போட்டுப் பழுது பார்க்கமாட்டார்கள். ஒழுகும் வீட்டுக்கு அதிக வாடகை கேட்க முடியாது. பழைய, புதிய கல்பாத்தி பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டவை என்பதால் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டவும் முடியாது. இப்படிப் பல வருஷம் வாடகை கீழே கிடக்கும்.

பிறகு சுற்றியுள்ள ஊர் மாறுகிறது. 2015-ல் பாலக்காட்டுக்கு ஐஐடி வந்தது. கஞ்சிக்கோட்டில் அதன் வளாகம் எழுந்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொழில் நகரங்களின் பட்டியலில் பாலக்காடும் இருந்தது. கோவைக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறவர்கள், வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள், வார இறுதிக்குப் பழைய வீடு தேடுகிறவர்கள் என்று கேட்கும் கைகள் கூடுகின்றன. வீடு பழையபடியே ஒழுகிக்கொண்டிருக்கிறது. அது நிற்கும் இடத்தின் சாத்தியம் மட்டும் மேலே போய்விட்டது. இடைவெளி என்பது இதுதான்.

நம் ஊர்களுக்கே உரிய ஒரு கோணலும் உண்டு. இந்தியாவில் வீட்டு வாடகை வருமானம் பொதுவாக வீட்டு மதிப்பில் இரண்டு, மூன்று சதவீதம்தான். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு ஆண்டு வாடகை இரண்டு மூன்று லட்சம். அதனால் வாங்குகிறவர் வாடகையைப் பார்ப்பதில்லை, விலை ஏறுவதைப் பார்க்கிறார், வாங்கிப் பூட்டிவிடுகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் பத்து வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் காலியாகப் பதிவானது. தெருவில் புதியவர் யாரும் குடிவரவில்லை, கஃபே இல்லை, ஆனாலும் வாடகைக்கு வீடு இல்லை. மேல்நாட்டுப் பாடப்புத்தகம் காட்டும் படத்தில் இந்தப் பூட்டு அவ்வளவாக வராது.

சுருக்கமாக: கவனிப்பின்மை வாடகையைத் தாழ்த்துகிறது, நகரம் அந்த மண்ணின் சாத்தியத்தை உயர்த்துகிறது, இடைவெளி செலவைத் தாண்டியதும் பணம் நுழைகிறது.

ஒரே தெரு, வேறு வேறு கணக்கு

‘ஊருக்கு நல்லதா, கெட்டதா?’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியாது. வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லலாம்.

சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குச் சொத்து மதிப்பு ஏறும். கூடவே செலவும் ஏறும். கேரளத்தில் 2023 ஏப்ரலில் நிலத்தின் நியாய விலை (தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு) 20 சதவீதம் கூட்டப்பட்டது. கட்டட வரியும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும்படி மாற்றப்பட்டது. மதிப்பு ஏறியதால் ஓய்வூதியம் ஏறாது. ஆனாலும் இவருக்கு விற்று வெளியேறும் வழி இருக்கிறது. தன் விருப்பத்தில் போவதும் தள்ளப்பட்டுப் போவதும் ஒன்றல்ல.

மாத வாடகைக்காரர் மேலே பார்த்த 7,000 ரூபாய்க்காரர். நகருக்குள் வேறு வீடு கிடைக்காமல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிறார் என்று வையுங்கள். அங்கே வாடகை 5,500. ஆயிரத்து ஐந்நூறு மிச்சம்போலத் தெரியும். பஸ்ஸுக்குப் போகவர 40 ரூபாய், 26 நாளைக்கு 1,040. வீட்டில் இருவர் டவுனில் வேலை செய்தால் 2,080. காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்கும் வேலையும் ஏழு மணிக்குச் சமையல் வேலையும் செய்கிறவர் முதல் பஸ்ஸை நம்பி ஏதோ ஒன்றை விட வேண்டிவரும். இந்த இழப்பு வாடகைக் கணக்கில் எங்கும் வராது.

அடுத்தவர் பணயத்துக்கு வீடு எடுத்தவர். கன்னியாகுமரிப் பக்கம் ஒத்தி, கோவையில் போகியம், கேரளத்தில் பணயம்: மூன்று, நான்கு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. விலை ஏறும் தெருவில் அதிகம் சிக்குகிறவர் இவர்தான். காலம் முடிந்து அதே நாலு லட்சம் திரும்பி வந்தாலும், அதே தெருவில் இப்போது ஆறு லட்சம் கேட்பார்கள். பணம் திரும்பி வராமல் போவது அதைவிட மோசம். வெறும் முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யாமல் விட்டால், அந்த வீட்டின் மேல் அவருக்கு அடமான உரிமை நிற்காது. கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட வேண்டியதுதான். வீடு அதற்குள் வேறு கைக்கு மாறியிருக்கும்.

கடைக்காரர்களில் இஸ்திரி போடுகிறவர், தையல்காரர், சைக்கிள் கடை முதலில் போவார்கள். வாடிக்கையாளர் போனால் கடையும் போகும். கடை வேறு இடத்துக்குப் போனால் போன் நம்பர் வாங்கி வைத்துக்கொண்டா வாடிக்கையாளர் பின்தொடர்வார்? மாறாக வேலை கூடுவதும் உண்டு. ஃபோர்ட் கொச்சியில் தமிழ் பேசும் வண்ணார்கள் நடத்தும் வெளுப்புக்கூடம் இருக்கிறது. 2012-ல் பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியபின் ஊர் முழுக்க விருந்தினர் விடுதிகள் பெருகின, விரிப்பும் துண்டும் வெளுக்க ஆள் வேண்டியிருக்கிறது. ஆனால் ஓர் ஊரில் வேலை கிடைப்பது வேறு, அங்கே கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கிடைப்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைப்பது வளர்ச்சி பேசுபவர்களின் பழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத வெளியேற்றம்

அமெரிக்காவில் லான்ஸ் ஃப்ரீமன் என்ற நகர ஆய்வாளர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு பலரையும் குழப்பியது. மாறிக்கொண்டிருக்கும் பகுதிகளில் ஏழைகள் வெளியேறும் வேகம் மற்ற பகுதிகளைவிடச் சற்றுத்தான் அதிகம் என்று அவருடைய கணக்கு காட்டியது. ‘அப்படியானால் பிரச்சினையே இல்லையே’ என்று சிலர் கைதட்டினார்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. வாடகைக் குடித்தனங்கள் எந்தத் தெருவிலும் எப்படியும் மாறிக்கொண்டேதான் இருக்கும்: கல்யாணம், வேலை மாற்றம், சாவு. முன்பெல்லாம் ஒரு எளிய குடும்பம் காலி செய்தால் இன்னொரு எளிய குடும்பம் வரும். இப்போது அந்த வீட்டுக்கு வசதியானவர் வருகிறார். யாரையும் துரத்தாமலே பத்து வருஷத்தில் தெரு முழுக்க மாறிவிடும். உள்ளே நுழைய முடியாமல் போவதும் வெளியேற்றமே என்று பீட்டர் மார்க்யூஸ் என்ற நகரத் திட்ட அறிஞர் 1985-லேயே சொல்லி, அதை விலக்கிவைக்கும் இடப்பெயர்வு என்று தனியாகப் பிரித்தார். உங்கள் தெருவில் ‘யாரும் போகலையே’ என்று தோன்றினால், கடைசியாகக் குடிவந்த ஐந்து பேர் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னும் இப்போதும் ஒரே வீட்டின் வாடகை எவ்வளவு? வீட்டு மின் இணைப்பு எத்தனை இடத்தில் கடை இணைப்பாகியிருக்கிறது? பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை குறைந்ததா? அரசின் நியாய விலையை மட்டும் நம்ப வேண்டாம். அது சந்தைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே வரும்.

வாடகைக்காரர் கையில் என்ன இருக்கிறது?

கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம் வேறு. வாளையாறு சோதனைச் சாவடி தாண்டியதும் உரிமையும் மாறிவிடும்.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஏறும் தெருவில் இந்த ஓட்டை பெரியது.

கேரளத்தில் 1965-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அது அமலில் உள்ள பகுதிகளில் பொருந்தும். ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பதற்காக மட்டும் காலி செய்யச் சொல்ல முடியாது. சட்டம் சொல்லும் காரணம் ஒன்று வேண்டும். வாடகை பாக்கி அவற்றில் ஒன்று. சில சொந்தக்காரர்கள் வாடகையை வாங்க மறுத்தே பாக்கியை உண்டாக்குவார்கள். வங்கி வழியாகவோ மணியார்டரிலோ அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். ‘சொந்தத் தேவைக்கு வேண்டும்’ என்பது இன்னொரு காரணம். அப்படிச் சொல்லி நீதிமன்ற உத்தரவில் வீட்டை வாங்கியவர் தக்க காரணம் இல்லாமல் ஒரு மாதத்துக்குள் குடியேறாவிட்டால், வெளியேறியவர் திரும்பக் கேட்டு மனு போடலாம். மகன் கல்யாணம் என்று சொன்ன வீட்டில் அடுத்த மாதமே விடுதிப் பலகை தொங்கினால் அதைப் படம் எடுத்து வைப்பது வீண் வேலையல்ல. வாய்ப்பேச்சில் காலி செய்துகொடுத்தவருக்கு இந்த வழி கிடையாது.

தெருவோரத்தில் விற்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது: கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை அகற்றக்கூடாது, இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கணக்கெடுப்பு நாளில் இடத்தில் இல்லாமல் போய்ப் பெயர் விட்டுப்போவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு.

கடை வாடகைக்காரருக்குக் கேரளச் சட்டத்தில் இரண்டு பிடிகள் உண்டு. இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொன்னால், புதிய கட்டடத்தில் இடம் பெற அவருக்கே முதல் உரிமை. சொந்தத் தேவை என்று சொன்னால், தன் பிழைப்பு முக்கியமாக அந்தக் கடையை நம்பித்தான் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் பொருத்தமான வேறு இடம் இல்லை என்ற இரண்டையும் காட்டி அவர் தடுக்கலாம். இரண்டையும் நிரூபிக்கும் சுமை அவருடையது. கணக்குப் புத்தகமே எழுதாத இஸ்திரிக் கடைக்காரர் இங்கேதான் தோற்கிறார். நகராட்சி உரிமம், வாடகை ரசீது, மின் கட்டணச் சீட்டு, வங்கிக் கணக்கில் விழுந்த அன்றாட வரவு, பக்கத்தில் கடை தேடி என்ன வாடகை சொன்னார்கள் என்பதற்கான சாட்சி: நோட்டீஸ் வந்தபின் இவற்றைத் திரட்டுவது கடினம்; தெருவில் முதல் பலகை ஏறும்போதே சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும்.